சபை நடத்தக் கற்பித்த ஜெனரல் ராபர்ட்

நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் நாலு அபிப்பிராயங்கள் பிறப்பது மனித இயற்கை. அந்த நாலு அபிப்பிராயங்களையும் பொறுமையுடன் கேட்டு, அவற்றிலிருந்து ஒரு முடிவைக் கண்டு, அம்முடிவை எதிர்த்தவனும் மனமொப்பி அதற்குக் கட்டுப்படுமாறு செய்வதே சபை என்பதன் வேலை. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. நல்ல நோக்கத்துடன் ஆரம்பிக்கப்பட்ட எத்தனையோ சங்கங்களும், கம்பெனிகளும், கூட்டுறவு ஸ்தாபனங்களும் விரோதிகளின் சூழ்ச்சியால் அழியவில்லை. தங்கள் நிர்வாக சபை கூடிய அறைக்குள்ளேயே அழிந்தன. பணம் இருந்தது, ஆள் இருந்தது, உற்சாகமும் இருந்தது. கூட்டம் நடத்தும் வகை ஒன்றுதான் இல்லை.

அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் நமக்குத் தந்திருக்கிறார். அவை இரண்டும் சபையில் பேசுபவனுக்கு உரிய இலக்கணம். சபைக்குத் தலைமை வகிப்பவன் என்ன செய்யவேண்டும், எதை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும், யாருக்கு எப்பொழுது பேச இடங்கொடுக்கவேண்டும், எப்பொழுது வாக்கெடுக்கவேண்டும் என்பதை ஒரு சாஸ்திரமாகவே தொகுத்து, சாதாரண மனிதனும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு புஸ்தகமாக்கித் தந்தவர் ஒருவர் உண்டு. அவர் வக்கீல் அல்லர். சட்டசபை அங்கத்தினரும் அல்லர். துறைமுகங்களையும் கோட்டைகளையும் கட்டிக்கொண்டிருந்த அமெரிக்க ராணுவ இஞ்சினீயர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்பவரே அவர். பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள நம்மவர் அவருடைய சரித்திரத்தை அறிந்துகொள்வது பெரிதும் பயன்படும்.

பிறப்பும் வளர்ப்பும்

ராபர்ட் 1837-ஆம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி தென் கரோலினா ராஜ்யத்தில், தம் முன்னோரின் பெயரையே தாங்கிய ராபர்ட்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜோசப் தாமஸ் ராபர்ட், கிறிஸ்தவ மதத்தில் பாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்த போதகர். தென் கரோலினாவில் அக்காலத்தில் பருத்தியும் நெல்லும் அடிமைகளின் உழைப்பால் விளைந்தன. மனிதனை மனிதன் விலைக்கு வாங்கும் வழக்கம் தந்தையாரின் மனச்சாட்சிக்கு ஒவ்வவில்லை. ஆகவே அவர் பிறந்த மண்ணை விட்டுக் குடும்பத்துடன் வடக்கே சென்று, அடிமை முறை இல்லாத ஒஹாயோ ராஜ்யத்தில் குடியேறினார்.

உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைகள் விடுதலையடைந்த பின்னர், 1871-இல், விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்கு உயர்கல்வி தர ஜார்ஜியா ராஜ்யத்தில் ஏற்பட்டிருந்த ஒரு பள்ளிக்குத் தலைவராகத் தந்தையார் சென்றார். அந்தப் பள்ளியே பிற்காலத்தில் அட்லாண்டா நகரின் மோர்ஹவுஸ் கல்லூரியாக வளர்ந்தது. காந்தியடிகளின் அகிம்சை வழியைத் தம் நாட்டில் கைக்கொண்டு போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1948-இல் பட்டம் பெற்றது அக்கல்லூரியில்தான். பலமற்றவனுக்கும் பேச உரிமை உண்டு என்னும் கொள்கை ராபர்ட்டின் நூலெங்கும் ஊடுருவி நிற்பதைக் காண்போர், தந்தையாரின் வாழ்க்கையையும் சேர்த்து நினைப்பது இயல்பே.

ஹென்றி ராபர்ட் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையில் பயின்று, 1857-இல் தேர்ச்சி பெற்று, இஞ்சினீயர் படையில் சேர்ந்தார். இரண்டு வருஷத்துக்குள் ஒரு விசித்திரமான நெருக்கடியில் அவருக்கு வேலை வந்தது. பசிபிக் கரையோரத்தில் ஸான் ஹுவான் என்ற தீவுக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் உரிமை கொண்டாடி வந்தன. 1859-இல் அங்கே குடியேறியிருந்த அமெரிக்கர் ஒருவர், தம் தோட்டத்தில் புகுந்த ஓர் ஆங்கிலக் கம்பெனியின் பன்றியைச் சுட்டுவிட்டார். இந்த அற்பக் காரணத்தால் இரண்டு தேசங்களின் துருப்புக்களும் எதிரெதிரே வந்து நின்றன. அமெரிக்கப் பக்கத்தில் மண்கோட்டை எழுப்பும் பொறுப்பு இருபத்திரண்டு வயது ராபர்ட்டினுடையது. நல்லவேளையாகப் போர் மூளவில்லை. முடிவில் அந்த வழக்கு ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் மத்தியஸ்தத்துக்கு விடப்பட்டு, 1872-இல் அமெரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. பீரங்கியால் தீராதது, இருதரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு முறையால் தீர்ந்தது.

தலைமை நாற்காலியில் தத்தளிப்பு

1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ராபர்ட்டின் பிறந்த ராஜ்யமான தென் கரோலினாவே ஐக்கியத்தை விட்டு முதலில் பிரிந்தது. அவரோ ஐக்கியத்தின் பக்கமே நின்று, வாஷிங்டன், பிலடெல்பியா ஆகிய நகரங்களின் பாதுகாப்பு வேலைகளில் உழைத்தார். பிறகு 1863-இல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து நியூ பெட்போர்டு துறைமுகத்துக்கு மாற்றப்பட்டார். அவருடைய வாழ்க்கையின் போக்கைத் திருப்பிய சம்பவம் அங்கேதான் நிகழ்ந்தது.

ஒரு கூட்டத்துக்கு அக்கிராசனம் வகிக்குமாறு எதிர்பாராத விதமாக அவரை அழைத்தனர். ராணுவ உடையிலிருந்த அதிகாரி, மறுப்பது மரியாதையன்று என்று எண்ணி, நாற்காலியில் போய் அமர்ந்தார். கூட்டம் நடத்தும் முறையில் அவருக்கு அட்சரமும் தெரியாது. சபையோர் தாமே ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று கடவுளை நம்பிக் காரியத்தில் இறங்கினார், திண்டாடினார். படைவீரர்களுக்குக் கட்டளையிட்டுப் பழகிய மனிதருக்குக் கட்டளைக்கு உட்படாத சுதந்தர மனிதர்களை நடத்தும் விதம் புலப்படவில்லை. பெருத்த வெட்கத்துடன் வெளியே வந்தவர், சபை நடைமுறையைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளாமல் இனி எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

இவ்வித அனுபவம் நம்மில் அநேகருக்கு நேர்ந்திருக்கலாம். நாம் பெரும்பாலும் சபையோரைக் குறை கூறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். ராபர்ட் சபையோரைக் குறை கூறவில்லை. தம் அறியாமையையே குற்றமாகக் கொண்டார். ஏதோ ஒரு புஸ்தகத்தில் இவ்விஷயம் பற்றிச் சில பக்கங்கள் கிடைத்தன. எந்தப் பிரேரணைக்கு எது முந்தியது, எதன் மீது விவாதம் செய்யலாம், எதைத் திருத்தலாம் என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பணப்பையில் வைத்துக்கொண்டார். பல வருஷங்கள் அந்தக் காகிதமே அவருக்குத் துணையாயிருந்தது.

பல ஊர், பல வழக்கு

1867-இல் மேஜர் பதவியுடன் ராபர்ட் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குச் சென்றார். கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்ட செய்தி பரவியதிலிருந்து, அமெரிக்காவின் ஒவ்வொரு ராஜ்யத்திலிருந்தும் ஜனங்கள் அங்கே வந்து குவிந்திருந்தனர். ஊரைச் சீர்திருத்துவதற்காக ஏற்பட்ட சங்கங்களில் ராபர்ட்டும் அவர் மனைவி ஹெலனும் ஈடுபட்டு உழைத்தனர். அங்கே அவர் ஒரு விந்தையைக் கண்டார். அங்கத்தினர் அனைவரும் நல்லவர்கள். அனைவருக்கும் நோக்கம் ஒன்றே. ஆயினும் கூட்டம் கூடினால் சண்டை. நடக்கவேண்டிய வேலையைப் பற்றியன்று அந்தச் சண்டை. கூட்டம் நடத்தும் முறையைப் பற்றியது. ஒருவர் தம் ராஜ்யத்து வழக்கப்படி ஒரு பிரேரணையின் மீது விவாதம் கூடாது என்பார். மற்றொருவர் தம் ஊர் வழக்கப்படி கூடும் என்பார். இருவரும் தாம் கூறுவதே முறை என்று மெய்யாகவே நம்பினர்.

ராபர்ட் புஸ்தகங்களைத் தேடினார். அமெரிக்க ஸெனட் சபைக்காகத் தாமஸ் ஜெபர்ஸன் இயற்றி 1801-இல் வெளியான கைநூல் ஒன்று இருந்தது. 1845-இல் வெளிவந்த குஷிங் என்பவரின் கைநூலும் இருந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நடைமுறை இவற்றினின்று வேறுபட்டது. ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் கிடைத்தால், அறியாதவனைவிட அறிந்தவனே அதிகமாகக் குழம்புவான். மேலும், சட்டசபைகள் மாதக்கணக்கில் கூடி, கட்சி கட்டிக்கொண்டு வாதாடுபவை. மாலையில் இரண்டு மணி நேரம் கூடிக் கலையும் ஒரு சங்கத்துக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்துமா?

சாதாரண சங்கங்களுக்கென்று, எங்கும் ஒரே விதமாகச் செல்லத்தக்க விதிகள் வேண்டும் என்பது ராபர்ட்டுக்குத் தெளிவாயிற்று. 1869-இல் சுமார் 16 பக்கங்களில் ஒரு சிறு குறிப்பை அச்சிட்டு, தாமும் மனைவியும் சேர்ந்திருந்த சங்கங்களில் பயன்படுத்திப் பார்த்தார். இஞ்சினீயர் அல்லவா? பாலம் கட்டுமுன் மண்ணைச் சோதிப்பதுபோல், நூல் எழுதுமுன் விதிகளைச் சோதித்தார்.

பனிக்காலத்தில் பிறந்த நூல்

பிறகு மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள மில்வாக்கி நகரில் அவருக்கு உத்தியோகம் வாய்த்தது. 1874-ஆம் வருஷத்துக் கடுங்குளிரில் ஏரி உறைந்து, துறைமுக வேலைகள் நின்றன. கிடைத்த சில மாத ஓய்வை வீணாக்காமல் நூலை எழுதத் தொடங்கினார். புதிதாகச் சங்கம் ஆரம்பிப்போரும், வாழ்நாளில் ஒரு கூட்டத்தையும் நடத்தியறியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி எளிய பகுதி ஒன்றைச் சேர்க்கவேண்டுமென்று ஹெலன் அம்மையார் யோசனை கூற, இரண்டாம் பாகமும் உருவாயிற்று. நூல் உலகெங்கும் பரவியதற்கு அந்த அம்மையாரின் யோசனையும் ஒரு முக்கிய காரணம் என்பது எமது அபிப்பிராயம்.

ராணுவ அதிகாரி எழுதிய சபை விதிகளை யார் வாங்குவார்கள் என்று பிரசுரகர்த்தர் கையை விரித்தனர். ராபர்ட் சோர்வடையவில்லை. தம் சொந்தச் செலவிலேயே மில்வாக்கி அச்சுக்கூடம் ஒன்றில் 4,000 பிரதிகள் அச்சிட்டார். அச்செழுத்துக்கள் போதாமையால் 16 பக்கங்களைக் கோத்து, அச்சடித்து, எழுத்துக்களைக் கலைத்து, மறுபடி அடுத்த 16 பக்கங்களைக் கோக்கவேண்டியிருந்தது. சிகாகோவைச் சேர்ந்த கிரிக்ஸ் கம்பெனியார் விற்பனையை ஏற்றனர். 1876-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி 176 பக்கங்களுடன் நூல் வெளிவந்தது. 1,000 பிரதிகளை ராபர்ட் கல்விமான்களுக்கும் சட்டசபையினருக்கும் மதத்தலைவர்களுக்கும் இனாமாகவே அனுப்பினார். இரண்டு வருஷத்துக்குப் போதும் என்று அவர் எண்ணிய பிரதிகள் நான்கே மாதங்களில் தீர்ந்துபோயின. ராபர்ட்டின் ஒழுங்கு விதிகள் என்ற பெயர் அன்று நிலைத்தது; இன்றும் நிலைத்திருக்கிறது.

விதிகளின் சாரம்

அந்நூலின் உயிர்நாடியைச் சில வாக்கியங்களில் கூறிவிடலாம். ஒரு சமயத்தில் ஒரு விஷயமே சபையின் முன் இருக்கவேண்டும். அந்த விஷயமும் வெறும் பேச்சாக இல்லாமல், செய்யவேண்டிய காரியம் இன்னதென்று தெளிவான பிரேரணை வடிவில் இருக்கவேண்டும். ஒருவர் பிரேரேபித்து மற்றொருவர் ஆமோதித்தபின், அக்கிராசனர் அதைச் சபைக்கு எடுத்துச் சொல்லவேண்டும். பேசுகிறவர் அக்கிராசனரை நோக்கியே பேசவேண்டும். எதிர்த்தரப்பாரின் நோக்கத்தைத் தூஷிக்கக்கூடாது. ஒரு விஷயத்தைப் பற்றி ஒரே நாளில் ஓர் அங்கத்தினர் இரண்டு முறைக்கு மேல் பேசலாகாது. ஒரு முறைக்குப் பத்து நிமிஷமே அளவு. இதுவரை பேசாதவர் ஒருவர் பேச விரும்பினால், ஒரு முறை பேசியவர் காத்திருக்கவேண்டும். இந்தச் சிறு விதி எவ்வளவு பெரிய நியாயத்தை அடக்கியிருக்கிறது பாருங்கள்! வாய்வல்லமை உள்ளவன் சபையை விழுங்கிவிடாமலும், கூச்சமுள்ளவனுடைய நல்ல யோசனை நாவிலேயே மடிந்துபோகாமலும் அது காக்கிறது.

மற்றொரு விதி இன்னும் முக்கியமானது. விவாதத்தை நிறுத்தி உடனே வாக்கெடுக்கவேண்டுமானால் சாதாரண மெஜாரிட்டி போதும் என்பது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வழக்கம். பெரும்பாலும் அச்சபையின் நடைமுறையையே தழுவிய ராபர்ட், இவ்விடத்தில் துணிந்து மாறினார். சாதாரண சங்கங்களில் ஒருவனுடைய வாயை அடைப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கினர் இசையவேண்டும் என்று விதித்தார். காரியத்தை முடிவு செய்ய மெஜாரிட்டி போதும்; ஆனால் மைனாரிட்டியைப் பேசவிடாமல் செய்ய மெஜாரிட்டி மட்டும் போதாது. ஜனநாயகத்தின் முழு தத்துவமும் இந்த ஒரு வேற்றுமையில் அடங்கியிருக்கிறது. தன் கட்சி பேசப்பட்டது, கேட்கப்பட்டது, எண்ணப்பட்டது என்று அறிந்தவனே தோல்வியை ஒப்புக்கொண்டு மறுநாள் வேலைக்கு வருவான். பேசவிடாமல் தோற்கடிக்கப்பட்டவன் வெளியே போய் வேறு சங்கம் ஆரம்பிப்பான்.

இடையூறு செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களையும் ராபர்ட் மறக்கவில்லை. ஒழுங்குப் பிரச்னை என்றும், ஒத்திவைப்புப் பிரேரணை என்றும் ஓயாமல் கிளப்பிக் காலத்தைக் கடத்துவதே ஒருவனுடைய நோக்கமென்று தெளிவானால், அத்தகைய பிரேரணையை ஏற்காமல் தள்ளிவிட அக்கிராசனருக்கு அவர் அதிகாரம் அளித்தார். வேலி பயிரைக் காப்பதற்கே. பயிரை மேய்வதற்கு அன்று.

டைரக்டர்கள் கூட்டத்துக்கு உரிய முறை

மகாசபைக்கு வகுத்த விதிகளை அப்படியே ஒரு சிறிய நிர்வாக சபையின் மீது சுமத்தக்கூடாது என்பதை ராபர்ட் நன்கு உணர்ந்திருந்தார். இங்கேதான் அவருடைய அனுபவ ஞானம் வெளிப்படுகிறது. சுமார் பன்னிரண்டு பேருக்கு மேற்படாத டைரக்டர்கள் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது, ஒருவர் எழுந்து நின்று பிரேரேபிக்க வேண்டியதில்லை. ஆமோதிப்பவர் தேவையில்லை. இத்தனை முறைதான் பேசலாம் என்ற வரம்பும் இல்லை. தலைவரும் மற்றவரைப்போலவே விவாதத்தில் கலந்துகொள்ளலாம்; தாமே பிரேரணை கொண்டுவரலாம்; வாக்கும் அளிக்கலாம். பெரிய சபையில் தலைவர் நடுவராக இருக்கவேண்டும். சிறிய சபையிலோ அவர் உடன்உழைப்பாளி. இந்த வித்தியாசத்தை அறியாமல், ஏழு டைரக்டர்கள் கூடிய அறையில் பார்லிமெண்டு ஆடம்பரம் செய்வதும், எழுநூறு பேர் கூடிய மகாசபையில் திண்ணைப் பேச்சுப் பேசுவதும் ஒருங்கே தவறு.

ஆயினும் தளர்த்தக்கூடாத சில விஷயங்கள் உண்டு. முதலாவது, முன்னறிவிப்பு. ஒவ்வொரு டைரக்டருக்கும் கூட்டம் பற்றிய செய்தி உரிய காலத்தில் போய்ச் சேரவேண்டும். வேண்டாதவனுக்குச் செய்தி அனுப்பாமல் வேண்டியவர்களை மட்டும் கூட்டி முடிவு செய்வது சபை ஆகாது, சதியே ஆகும். இரண்டாவது, கோரம் என்னும் குறைந்தபட்ச ஹாஜர். அது இல்லாமல் செய்த தீர்மானம் செல்லாது. மூன்றாவது, டைரக்டர்கள் கூட்டமாகக் கூடியிருக்கும்போதுதான் அவர்களுக்கு அதிகாரம். தனித்தனியே வீடு தேடிப் போய் ஒவ்வொருவரிடமும் தலையசைப்பு வாங்கிக்கொண்டு வந்தால், அது சபையின் தீர்மானம் ஆகிவிடாது. ஏனெனில், ஒருவர் கூறும் ஆட்சேபத்தை மற்றவர் கேட்கும் வாய்ப்பு அதில் இல்லை. நான்காவது, நிர்வாக சபை தன்னை நியமித்த மகாசபையின் ஊழியனே அன்றி எஜமானன் அல்ல. தனக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்துக்கு மேல் ஓர் அடியும் அது வைக்கக்கூடாது.

நிகழ்ச்சி நிரலுக்கும் ராபர்ட் ஒரு வரிசையை வகுத்தார். முந்திய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்து அங்கீகரிப்பது முதல். பிறகு நிலையான கமிட்டிகளின் அறிக்கைகள். பின்னர் விசேஷ கமிட்டிகளின் அறிக்கைகள். அடுத்துச் சென்ற கூட்டத்தில் முடியாமல் நின்ற விஷயங்கள். கடைசியில் புதிய விஷயங்கள். பழைய கடனைத் தீர்த்துவிட்டே புதிய கடன் வாங்கவேண்டும் என்னும் குடும்பஸ்தனின் நியாயமே இது. புதிய யோசனை எப்பொழுதும் கவர்ச்சியுள்ளது. பாதியில் நிற்கும் பழைய வேலை எப்பொழுதும் கசப்பானது. வரிசை இல்லாவிட்டால் எல்லோரும் கவர்ச்சியுள்ளதையே பற்றிக்கொண்டு, கசப்பானதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

நடவடிக்கைக் குறிப்பைப் பற்றி அவர் கூறியுள்ளதைக் காரியதரிசிகள் அனைவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ளவேண்டும். சபையில் என்ன செய்யப்பட்டது என்பதே அதில் இருக்கவேண்டும். யார் யார் என்ன சொன்னார்கள் என்பது அன்று. வாதப் பிரதிவாதங்களைப் பதிவு செய்யப் புகுந்தால் மனஸ்தாபங்களுக்கு நிரந்தர உயிர் கொடுத்ததாகும். முடிவைத் தெளிவாகப் பதிவு செய்தால், யார் எந்த வேலையைச் செய்யக் கடமைப்பட்டார் என்பதைப் பிறகு ஒருவரும் மறைக்க முடியாது.

மூவர் கூடிய சபைகள்

பிறருக்கு விதி வகுத்துவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றவர் அல்லர் ராபர்ட். 1890 முதல் 1891 வரை தலைநகரான வாஷிங்டனின் நிர்வாகத்தை நடத்திய மூன்று கமிஷனர்களுள் இஞ்சினீயர் கமிஷனராக அவர் பணிபுரிந்தார். 1895 முதல் 1901 வரை கோட்டைப் பாதுகாப்புக்கான இஞ்சினீயர்கள் சபைக்குத் தலைவராயிருந்தார். 1901 ஏப்ரல் இறுதியில் பிரிகேடியர் ஜெனரல் பட்டத்துடன் இஞ்சினீயர் படையின் தலைமைப் பதவியை அடைந்து, மே 2-ந் தேதி, தமது அறுபத்துநான்காம் பிறந்த நாளன்று, ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற பின்னரே அவருடைய இஞ்சினீயர் வாழ்வின் மிகப் பெரிய பணி வந்தது. டெக்ஸாஸ் கடற்கரையை ஒட்டிய தீவில் அமைந்த கால்வெஸ்டன் நகரை 1900-ஆம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி கடும்புயல் தாக்கியது. ஊரின் மிக உயர்ந்த நிலமும் கடல் மட்டத்துக்கு ஒன்பது அடிக்கு மேற்பட்டதல்ல. கடல் பொங்கி ஊர்மீது பாய்ந்தது. மாண்டவர் 6,000-க்குக் குறையார். அமெரிக்க சரித்திரத்தில் அவ்வளவு உயிர்களைக் கொண்ட இயற்கை விபத்து வேறில்லை. தனுஷ்கோடியை 1964-இல் கடல் கொண்டதை அறிந்த நமக்கு அத்துயரத்தை விவரிக்கவேண்டியதில்லை.

பழைய நகரசபையால் புனருத்தாரண வேலையை நடத்த இயலாதென்று கண்ட கால்வெஸ்டன் ஜனங்கள், 1901-இல் நகர நிர்வாகத்தையே மாற்றி, ஒரு கம்பெனியின் டைரக்டர்களைப்போல் ஐந்து கமிஷனர்களிடம் பொறுப்பை ஒப்புவித்தனர். அந்த முறை பல அமெரிக்க நகரங்களுக்குப் பரவியது. கால்வெஸ்டனில் 1960 வரை நிலவியது. அந்த ஐவர், ஊரை இனிக் கடலினின்று காப்பது எவ்வாறு என்று ஆராய மூன்று இஞ்சினீயர்கள் கொண்ட குழுவை 1901 நவம்பரில் நியமித்தனர். ராபர்ட், ஆல்பிரட் நோபிள், ரிப்ளி என்பவர்களே அம்மூவர்.

1902 ஜனவரியில் அறிக்கை தயாராகிவிட்டது. தாழ்ந்த நீர்மட்டத்துக்கு மேல் 17 அடி உயரமுள்ள சுவரை மூன்று மைலுக்கு மேற்பட்ட நீளத்துக்குக் கட்டவேண்டும். சுவருக்குப் பின்னாலுள்ள ஊரின் தரையையே மண்கொட்டி உயர்த்தவேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. இரண்டே மாதம், மூவர், தெளிவான ஒரு கேள்வி, தெளிவான ஒரு விடை. நன்கு நடத்தப்பட்ட சிறு சபை என்ன சாதிக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1904-இல் சுவரின் முதற்பகுதி முடிந்தது. வீடுகளையும் கோயில்களையும் நெம்பித் தூக்கி நிறுத்தி, அவற்றின் அடியில் மணலை நிரப்பும் வேலை மேலும் பல வருஷங்கள் நடந்தது. 1915 ஆகஸ்டில் மீண்டும் ஒரு பெரும்புயல் வந்து மோதியபோது, அச்சுவர் நகரைக் காத்து நின்றது.

இறுதிக் காலம்

அதே 1915-ஆம் வருஷத்தில்தான், எழுபத்தெட்டாம் வயதில், ராபர்ட் தம் நூலை முற்றிலும் புதுக்கி வெளியிட்டார். நாட்டின் பல பாகங்களிலிருந்து சங்கத்தார் கேட்டு எழுதிய சந்தேகக் கடிதங்கள் வருஷக்கணக்கில் அவரிடம் சேர்ந்திருந்தன. அவற்றிலிருந்து எங்கெங்கே விதி தெளிவில்லை, எங்கெங்கே மனிதர் இடறுகிறார்கள் என்பதை அவர் கற்றுக்கொண்டார். அதற்குள் அரைலட்சம் அல்ல, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் செலவாகியிருந்தன. தம் நூல் பூர்த்தியாகிவிட்டது என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. 1921-இல் தொடக்க மாணவர்களுக்கு ஒரு நூலும், 1923-இல் விரிவான ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். 1923-ஆம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த ஹார்னல் என்னும் ஊரில், எண்பத்தாறாம் வயதில், காலமானார். ஆர்லிங்டனிலுள்ள தேசிய மயானத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவருக்குப் பின் குடும்பத்தினரும் அறிஞர்களும் நூலைக் காலத்துக்கேற்பத் திருத்தி வந்தனர். 2020-இல் பன்னிரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 176 பக்கங்களாகத் தொடங்கியது எழுநூறு பக்கங்களுக்கு மேல் வளர்ந்திருக்கிறது.

நாம் கற்கவேண்டியது

நம் நாட்டுச் சட்டசபைகள் ஆங்கிலப் பார்லிமெண்டின் வழக்கத்தைத் தழுவியவை. ராபர்ட்டின் விதிகள் நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்துவன அல்ல. நம் 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டமும் டைரக்டர்கள் கூட்டத்துக்குச் சில எல்லைகளை வகுத்துள்ளது. பொதுவாக வருஷத்துக்கு நான்கு கூட்டங்களாவது நடக்கவேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே 120 நாட்களுக்கு மேல் செல்லக்கூடாது. ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ இருவரோ, எது அதிகமோ அத்தனை பேர் ஹாஜராயிருக்கவேண்டும். நல்லது. ஆனால் கதவைச் சாத்தியபின் அறைக்குள் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்பதைச் சட்டம் கற்பிக்காது. அதை மனிதர்களே கற்றுக்கொள்ளவேண்டும். கட்சிக் கமிட்டியானாலும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கமானாலும், கோயில் தருமகர்த்தாக்கள் சபையானாலும், பெருங்கம்பெனியின் டைரக்டர்கள் கூட்டமானாலும் கற்கவேண்டிய பாடம் ஒன்றே.

கூட்டம் கூடுமுன் விஷயம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். முடிவு செய்யவேண்டிய கேள்வி இன்னதென்று ஒரே வாக்கியத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். பேசாமல் உட்கார்ந்திருப்பவரைத் தலைவர் பேசச் செய்யட்டும். முடிவானதும் அது எழுதப்படட்டும், எழுதியது செய்யப்படட்டும், செய்ததா இல்லையா என்று அடுத்த கூட்டத்தில் முதலில் கேட்கப்படட்டும். இவற்றுக்குச் செல்வம் வேண்டாம். பெரும் படிப்பும் வேண்டாம். பொறுமையும் நியாய புத்தியும் போதும்.

அந்நியனுடைய கட்டளைக்குக் கீழ்ப்படிவது அடிமைத்தனம். ஒருவனுடைய கட்டளைக்கும் கீழ்ப்படியாதிருப்பது அராஜகம். தானும் சேர்ந்து வகுத்த விதிக்குத் தானே கட்டுப்படுவதுதான் சுயராஜ்யம். அந்தச் சுயராஜ்யம் டில்லியிலும் சென்னையிலும் மட்டும் நடப்பதன்று. பத்துப் பேர் கூடும் ஒவ்வொரு சிறிய அறையிலும் தினந்தோறும் அது சோதிக்கப்படுகிறது. ஒரு கூட்டத்தை நடத்தத் தெரியாமல் வெட்கி வெளியேறிய இளைஞர், அந்த வெட்கத்தையே விதையாக்கிக் கோடிக்கணக்கானோருக்கு நிழல் தரும் விருட்சத்தை வளர்த்தார். நம் சபைகளின் நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் அவருடைய உழைப்பில் நூற்றில் ஒரு பங்கையேனும் மேற்கொள்வார்களாயின், நம் பொதுக்காரியங்களில் பாதி தாமே செவ்வைப்படும்.